குடியைக் குறைக்கும் உபாயம்

குடியைக் குறைக்க எண்ணுகிறவர் முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டியது, அதைத் தனியாகச் செய்யத் தக்க நிலையில் தாம் இருக்கிறாரா என்பது. காலையில் எழுந்ததும் காபி டம்ளரைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கி, ஒரு வாய் மது உள்ளே போன பிறகே சரீரம் நிலைக்கு வருகிற அவஸ்தை உள்ளவர், வீட்டார் பேச்சுக்கு ரோஷப்பட்டு ஒரே நாளில் நிறுத்துவாரானால், முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், அதையடுத்துச் சித்தப்பிரமையும் கண்டு, பிராணாபாயமே நேரக்கூடும். இத்தகையவர் மேற்கொண்டு வாசிப்பதற்கு முன், பெங்களூர் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே இயங்கும் பிரிவுக்கு ஒரு துணையோடு போய்விடுவது உத்தமம். நடுக்கத்தை அடக்கும் ஔஷதமும் தயாமின் வைட்டமினும் கொடுத்து, அபாயமின்றி நிறுத்தச் செய்வார்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மற்றவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது அளத்தல். எவர்சில்வர் டம்ளரில் கண்ணளவாக ஊற்றிக்கொண்டு 'ரெண்டு பெக்தான்' என்கிறவர் மனமறிந்து பொய் சொல்வதில்லை; டம்ளரில் கோடு இல்லை, அவ்வளவுதான். இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் 10 மில்லி கோடு வரை மும்முறை தண்ணீர் அளந்து அதே டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். அடியை மறைத்துச் சற்றே உயரும் அந்த 30 மில்லிதான் ஒரு பெக். நம் நாட்டு விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றின் வீரியம் 42.8 சதவீதமாதலால், அதில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால் அடங்கியிருக்கிறது. குவாட்டர் என்பது ஆறு பெக். பீரை அற்பமாக எண்ணுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் நாலு பெக்குக்குச் சமானம், இரண்டு பாட்டில் குடித்தவர் குவாட்டரைத் தாண்டிவிட்டார். எதையும் குறைக்காமலே இக்கணக்கை ஒரு வாரம் காலண்டரில் தேதிக்கு நேரே எழுதி வாருங்கள்.

பிறகே குறைத்தல். பெங்களூர்க் கடைகளில் 90 மில்லி பாக்கெட் கிடைக்கிறது. குவாட்டர் வாங்குகிறவர் அதற்கு மாறட்டும். கையில் இருப்பதை மிச்சம் வைக்கும் மனோதிடத்தை இரவு எட்டு மணிக்கு மனிதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. வீட்டில் இருப்பு வைக்கக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் அறவே விடுத்து, பின்னர் மூன்று, நான்கு என வளர்க்கலாம். தீங்கற்ற அளவென்று ஒன்று கிடையாதென உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஈரல் பழுதுற்றவரும் கர்ப்பிணிகளும் முற்றிலும் விட வேண்டியவர்களே.

2007 ஜூலை 1 முதல் கர்நாடக அரசு பாக்கெட் சாராயத்தை ஒழித்தபோது, கூலி ஜனங்களில் அநேகர் மலிவு விஸ்கிக்கு மாறினார்களேயன்றி, மாலை வேளையின் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்ற வேண்டியது அந்த வேளையைத்தான். அல்சூருக்கோ ஸ்ரீராமபுரத்துக்கோ வேலை முடிந்து திரும்புகிறவர், பாருக்கு எதிரேயுள்ள ஸ்டாப்பைத் தவிர்த்து வேறொன்றில் இறங்கி, வீடு சேர்ந்தவுடன் ராகிக் களியோ சோறோ வயிறார உண்டுவிட்டால், பசியும் குடியாசையும் ஒன்றாய் எழும் அந்த நாழிகை பாதி பலமிழக்கும். மீதி ஆசையை அரை மணி தள்ளிப்போடுங்கள், பெரும்பாலும் தணிந்துவிடும். சிநேகிதர் வற்புறுத்தினால் 'இன்னிக்கு வேணாம் மச்சி' என்பதற்கு மேல் பேசாதீர்கள். காரணம் சொன்னால் வாதம் வளரும். ஒரு நாள் தவறினால் அதையும் காலண்டரில் எழுதிவிட்டு, மறுநாள் குறைத்த அளவிலேயே தொடருங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலந்து கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அந்த மாத்திரையான டைசல்ஃபிராமை உட்கொண்டவர் அதை அறியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் அது வைத்தியர் சொல்லி, உண்பவரும் சம்மதித்து உண்ண வேண்டிய மருந்து. என்ன செய்வதென்று தெரியாத இரவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.