மகன் கேட்கும் இருபது அங்குலம்

கேள்வி: ஹெவ்லொக் டவுனில், டிக்மன்ஸ் வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வெள்ளவத்தையில் ஹாட்வெயார் கடை. 2017 ஆம் ஆண்டு ஹைலக்ஸ் ரெவோ டபுள் கெப் ஒன்று வைத்திருக்கிறேன். கிழமை நாட்களில் சீமெந்து, பைப், பெயின்ட் வாளி என்று சாமான் ஏற்றுவோம். மாதத்தில் ஒருமுறை புத்தளம் பாதையால் கிளிநொச்சி போய் வருவோம். வட்டக்கச்சியில் எங்கள் வயல் இருக்கிறது. மாரியில் வரம்புப் பாதையில் வண்டியின் அடி தட்டுகிறது. இப்போதுள்ள 265/65 ஆர் 17 டயர்கள் தேய்ந்துவிட்டன. இதுதான் சந்தர்ப்பம் என்று மகன் 20 அங்குல அலோய் ரிம்மும் 33 அங்குல டயரும் போடச் சொல்லி நிற்கிறான். பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் ரிம்மையும் பார்த்து வைத்துவிட்டான்: 9 ஜே அகலம், ஓஃப்செட் பூச்சியம். "ஆறு நட் ரிம்தானே, அப்படியே ஏறும்" என்கிறார் கடைக்காரர். பெரிய டயர் எனக்கும் வேண்டும், ஆனால் இவ்வளவு வேண்டுமா? ஸ்பெயார் சில்லையும் மாற்ற வேண்டுமா?

பதில்: ஆறு நட் ரிம் ஏறும் என்பது உண்மைதான். ஏறிய பிறகு என்ன நடக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை.

உங்கள் கெப்பில் ஆறு நட்டுகளும் 139.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. பி.சி.டி. என்று சொல்வது இதைத்தான். மிற்சுபிஷி எல்200, ஃபோர்ட் ரேஞ்சர் இரண்டுக்கும் இதே கணக்கு. நிசான் நவாராவுக்கு ஆறு நட் இருந்தும் வட்டம் 114.3 தான், ஆகவே அதன் ரிம் உங்களுக்கு ஆகாது. சரி, வட்டம் ஒன்றாக இருந்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. ஹைலக்ஸின் ஹப் 106.1 மி.மீ. பருமன், ரேஞ்சர் ரிம்மின் நடுத்துளை 93.1. அந்த ரிம்மைக் கொண்டுவந்தால் நட் எல்லாம் நேராக நிற்கும், ஹப்தான் உள்ளே போகாது. கடையில் விற்கும் பொது ரிம்களுக்குப் பெரும்பாலும் நடுத்துளை 106 ஐ விடப் பெரிதாக இருக்கும். அப்போது இடைவெளியை நிரப்ப ஹப் வளையம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பூட்டினால் சில்லு நடுவில் உட்காராமல், வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கும். பலன்ஸ் பண்ணுகிற இடத்துக்கு எத்தனை தரம் போனாலும் அந்த நடுக்கம் தீராது.

இனி ஓஃப்செட். என் கருத்தில் ரிம் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான், ஆனால் கேட்பவர்கள் குறைவு. எல்லாரும் அங்குலம் கேட்கிறார்கள், நிறம் கேட்கிறார்கள், தவணைக்குத் தருவீர்களா என்று கேட்கிறார்கள். ரிம் ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஓஃப்செட். உங்கள் 17 அங்குல ரிம் 7.5 ஜே அகலம், ஓஃப்செட் கூட்டல் 30. ரிம்மின் உட்புறத்தில் ஈ.டி. 30 என்று பொறித்திருக்கும், தடவிப் பாருங்கள். மகன் பார்த்த ரிம்மில் அது பூச்சியம், அகலமோ 9 ஜே. கணக்கைப் போடுவோம். ஓஃப்செட் குறைவதால் சில்லின் நடுக்கோடு 30 மி.மீ. வெளியே வரும். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுவதில் பாதி, அதாவது 19 மி.மீ., இன்னும் வெளியே போகும். மொத்தம் 49 மி.மீ., ஒரு பக்கத்துக்கு மட்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் வாகனம் கிட்டத்தட்ட பத்து சென்ரிமீற்றர் அகலமாகிவிடும்.

படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வாகனத்தின் பாரம் பெயாரிங்கின் மேல் நேராக இறங்க வேண்டும் என்று கணக்குப் பண்ணித்தான் பொறியியலாளர் அந்த 30 ஐ வைத்தார். சில்லை வெளியே தள்ளினால் அதே பாரம் நீண்ட நெம்புகோலால் பெயாரிங்கையும் போல் ஜொயின்ட்டையும் இழுக்கும். குழியில் ஒரு சில்லு இறங்கினால் ஸ்டியரிங் அந்தப் பக்கம் வெட்டும். முழுதாக மடக்கும்போது டயரின் விளிம்பு முன் மட்கார்ட்டின் பின் மூலையில் உரசும். வெள்ளை நிறக் கெப் என்றால், முதல் மழையிலேயே கதவு முழுக்கச் சேறு. வெறும் அழகுக்கு ஓடும் வண்டி என்றால் இதையெல்லாம் சகிக்கலாம். சீமெந்து ஏற்றும் வண்டிக்கு இது கூடாது.

அடுத்தது சுமை. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 112 என்றால் அந்த டயர் 1,120 கிலோ தாங்கும், 115 என்றால் 1,215, 121 என்றால் 1,450. எழுத்து வேகத்துக்கு: கியூ 160 கி.மீ., எஸ் 180. புதிய டயரின் எண் பழையதை விடக் குறையக் கூடாது என்பது மட்டும் போதும். ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. அளவுக்கு முன்னால் எல்.டி. என்று போட்ட கனமான டயர்களில் 121 என்று கண்டால், அந்த 1,450 கிலோ உச்சக் காற்றழுத்தத்தில், பெரும்பாலும் 80 பி.எஸ்.ஐ.யில், தாங்கும் கணக்கு. சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பழைய அழுத்தத்தையே அதிலும் வைத்தால், அதே பாரத்தைச் சாதாரண டயரை விடக் குறைவாகவே தாங்கும். எல்.டி. வாங்கினால் காற்று கூட அடிக்க வேண்டும். சுமை ஏற்றும் நாளில் பின் சில்லுகளுக்கு இன்னும் கூட. எவ்வளவு என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் அட்டவணை வைத்திருக்கிறது, கடையில் கேட்டு வாங்குங்கள்.

ரிம்முக்கும் சுமை எண் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நல்ல ரிம்மின் உட்புறத்தில் உச்ச பாரம் பொறித்திருக்கும். காருக்கென வார்த்த ரிம்மில் 690 கிலோ போன்ற ஓர் எண்ணைக் கண்டால் விலை கேட்காமலே திரும்பி வாருங்கள். ஜப்பானியத் தரத்தில் ஜே.டபிள்யூ.எல். என்பது காருக்கு, ஜே.டபிள்யூ.எல்.-டி என்பது லொறி, பஸ்ஸுக்கு. கெப்புக்கு இரண்டாவது முத்திரை உள்ளதைத் தேடுங்கள், பக்கத்தில் வி.ஐ.ஏ. முத்திரையும் இருந்தால் தனியே பரிசோதித்தது என்று அர்த்தம். முத்திரையைக் கள்ளமாகவும் பொறிக்கலாம்தான். அதனால் பெயர் தெரியாத ரிம்மின் பெட்டியையும் பற்றுச்சீட்டையும் கேளுங்கள். இரண்டையும் காட்டத் தயங்கும் கடையில் ரிம் வாங்க வேண்டாம்.

இப்போது உயரம். உங்கள் இப்போதைய டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 776 மி.மீ. மகன் கேட்கும் 33 அங்குலம் 838 மி.மீ. எட்டு வீதம் கூட. வயலில் இடிபடுவது பின் அச்சின் டிஃப் பாத்திரம் என்றால் அது 31 மி.மீ. உயரும். இந்த இடத்தில் மகனின் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது. சஸ்பென்ஷனை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் உடலும் சேசிஸும்தான் உயரும், பின் அச்சு நின்ற இடத்திலேயே நிற்கும். அச்சை உயர்த்துவது டயர் மட்டுமே.

ஆனால் அந்த 31 மி.மீ.க்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஒரு சில்லுக்குப் பத்துக் கிலோவுக்கும் மேல் பாரம் கூடும், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே சுழலும் பாரம். விட்டம் கூடியதால் எல்லாக் கியர்களும் எட்டு வீதம் நீண்டதுபோல் ஆகும், சுமையோடு ஏற்றத்தில் ஒரு கியர் இறக்க வேண்டிவரும். பிரேக்கும் ஏறக்குறைய அதே அளவு பலம் குறையும், ஏனென்றால் டிஸ்க் மாறவில்லை, நெம்புகோல் நீண்டுவிட்டது. லிஃப்ட் இல்லாமல் அந்த டயர் உரசாமல் ஓடாது, லிஃப்ட் போட்டால் எலைன்மென்ட்டையும் முன் ஆர்ம்களையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது நீங்கள் 65 இல் போவீர்கள். தெற்கு அதிவேகப் பாதையில் 100 காட்டினால் 108. அங்கே எல்லை 100 தான்.

இன்னொன்று, பலரை ஏமாற்றும் விஷயம்: ஓடோமீற்றரும் குறைத்துத்தான் எண்ணும். யாழ்ப்பாணம் வரை 400 கிலோமீற்றர் ஓடினால் 370 தான் காட்டும். "டீசல் குடிக்கிறது" என்று புலம்புபவர்களின் கணக்கில் ஒரு பங்கு இந்தப் பொய்யான குறைவு. மீதி நிஜம், பாரமும் அகலமும் குடிப்பது.

ஆகவே என் தீர்ப்பு: 17 அங்குலத்திலேயே நில்லுங்கள், டயரை ஒரு படி மட்டும் உயர்த்துங்கள். 265/70 ஆர் 17. விட்டம் 803 மி.மீ., மூன்றரை வீதமும் கூடவில்லை. அச்சு 13 மி.மீ. உயரும். லிஃப்ட் வேண்டாம், உங்கள் 7.5 ஜே ரிம்மிலேயே ஏறும். ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது 62 இல் போவீர்கள். தொழிற்சாலை ஸ்பீடோமீற்றர் வழக்கமாக உள்ளதை விடச் சற்றுக் கூட்டித்தான் காட்டும் என்பதால், நிஜ வேகத்துக்கு இன்னும் கிட்ட வந்துவிடுவீர்கள். 13 மி.மீ. போதுமா என்று கேட்பீர்கள். வட்டக்கச்சிச் சேற்றில் வண்டி புதைவது உயரக் குறைவால் மட்டும் அல்ல, டயர் பாத்தியாய் வெட்டிக்கொண்டு இறங்குவதாலும்தான். வயலுக்குள் இறங்கும் முன் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, ஃபோர்-லோவில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். டயர் பரந்து மிதக்கும். தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப அடிக்க ஒரு பன்னிரண்டு வோல்ட் கொம்பிரசர் வண்டியில் இருக்கட்டும். இருபது அங்குல ரிம்மின் விலையில் ஒரு சிறு பங்குதான் அது.

டயரின் வகை ஏ.டி., அதாவது தார், மண் இரண்டுக்குமானது. எம்.டி. எனும் சேற்று டயரைக் கேட்காதீர்கள். பெரிய கட்டைகளும் அகன்ற பள்ளங்களும் கொண்ட அந்த டயர் தார் வீதியில் இரையும், நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். நீங்கள் ஓடுவதில் பெரும் பங்கு ஹெவ்லொக் வீதியிலும் ஏ-9 இலும். டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையில் மாலை மழையில் பஸ் திடீரென்று நிற்கும்போது சேற்று டயர் உங்களுக்கு உதவாது. (வெள்ளத்தில் பெரிய டயர் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் கொழும்பில் பரவலாக இருக்கிறது. என்ஜின் காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு.)

வாங்கும்போது டி.ஓ.டி. எழுத்துகளின் இறுதி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் செய்தது. ஆசியாவில் முதன்முதலாக இறப்பர் மரம் வேர்விட்டது 1876 இல் நம் கம்பஹா ஹெனரத்கொடையில்தான். அப்படிப்பட்ட நாட்டிலேயே 2020 இல் டயர் இறக்குமதிக்குத் தடை வந்து, பழைய சரக்கும் பாவித்த டயரும் நல்ல விலைக்குப் போன காலத்தைப் பார்த்தோம். அந்தப் பழக்கத்தில் தேதி பார்க்காமல் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அலமாரியில் ஐந்து வருடம் கிடந்த டயர், பட்டன் தேயாமலே கடினப்பட்டிருக்கும். டக் அடித்த, அதாவது தேய்ந்த பிறகு புதுப் பட்டன் ஒட்டிய டயர், எவ்வளவு மலிவானாலும், இந்தப் பாரத்துக்கும் இந்தத் தூரத்துக்கும் முன் சில்லில் வேண்டவே வேண்டாம்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உங்கள் பதிவுச் சான்றிதழில் முன், பின் டயர் அளவுக்கென்று இடம் இருக்கிறது, வாகனத்தின் அகலமும் அதிலே உண்டு. மட்கார்ட்டுக்கு வெளியே சில்லு நீட்டிக்கொண்டு நின்றால், வீதியில் மறிக்கும் பொலிஸாருக்கு அது கண்ணில் படும் முதல் விஷயம். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியின்றிப் பூட்டியவற்றைக் கழற்றச் சொன்ன நடவடிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் முதலில் குனிந்து பார்ப்பது டயரைத்தான்.

மகனை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். ரிம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் 17 அங்குலத்தில் 8 ஜே, ஓஃப்செட் கூட்டல் 20 க்குக் குறையாமல், கறுப்போ வெண்கல நிறமோ அவர் விருப்பம். வெளியே 16 மி.மீ.தான் வரும், மட்கார்ட்டுக்குள் அடங்கும், பார்வைக்கும் சற்று முறுக்காக நிற்கும். பழைய நட்டுகளை மட்டும் யோசிக்காமல் பூட்ட விடாதீர்கள். சில தொழிற்சாலை ரிம்களுக்குத் தட்டை வாஷர் வைத்த நட், கடை ரிம்களுக்குப் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு நட். இரண்டையும் மாற்றிப் பூட்டினால் இறுக்கமாக இருப்பதுபோல் இருந்து, ஓடும்போது தளரும். எந்த நட்டானாலும் டோர்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, நூறு கிலோமீற்றருக்குள் திரும்ப ஒருமுறை பாருங்கள். ரிம்மை வெளியே தள்ள ஸ்பேசர் தருகிறேன் என்பார்கள், அந்தப் பேச்சே வேண்டாம்.

ஸ்பெயாரைக் கேட்டிருந்தீர்கள். ஐந்தாகவே வாங்குங்கள். விட்டம் வேறான ஸ்பெயாரைப் பூட்டிக்கொண்டு நான்கு சில்லு இழுவையில் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே கியர்கள் ஒன்றை ஒன்று முறுக்கும், பழுது பெரிது. 265/70, பின் தட்டுக்குக் கீழுள்ள பழைய இடத்தில் அடங்கும். 33 அங்குலம் அடங்குமா என்று அந்தக் கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். புதிய ரிம் போட்டால், கழற்றிய ஐந்து பழைய ரிம்மையும் அவரிடம் மாற்றுக்குக் கொடுத்துவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஹைலக்ஸை விற்கும் நாளில் வாங்க வருகிறவர் அவற்றைத்தான் முதலில் கேட்பார்.