பழி ஓரிடம், பழுது ஓரிடம்

பென்னாகரம் கடைவீதியில் கம்பங்களை அண்ணாந்து பார்த்தால் கறுப்பு ஃபைபர் ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. கேபிள் டிவி கொடுத்தவர்களே இப்போது இணையமும் கொடுக்கிறார்கள். பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலை டான்ஃபிநெட் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2004-ல் 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அரசு அதை பிராட்பேண்ட் என்று ஒப்புக்கொண்டது. 2023-ல் அந்தக் குறைந்தபட்ச அளவை 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. இன்று சாதாரண வீட்டுத் திட்டமே அதைப் போலப் பல மடங்கு வேகம் தருகிறது.

அப்படியிருந்தும் பெண் ஆன்லைன் தேர்வுக்கு உட்காரும் நேரத்தில் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் கோபம் மூள்கிறது, பழி கேபிள்காரர் தலையில் விழுகிறது. பல நேரம் பழுது வீட்டுக்குள்ளேயே இருக்கும். அது தெரியாமல் பெரிய திட்டத்துக்கு மாறுகிறார்கள், புதுப்பெட்டி வாங்குகிறார்கள். நிலக்கடலையும் மரவள்ளியும் விற்றுச் சேர்த்த காசு, பெங்களூருவிலும் திருப்பூரிலும் வேலை பார்த்து அனுப்பிய காசு அது. வீணாகப் போகக் கூடாது. ஊரில் உலவும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: “போன்ல பாயின்ட் ஃபுல்லா காட்டுது. நெட் வரலன்னா கேபிள்காரர்தான் கட் பண்ணி வச்சிருக்காரு.”

அந்த விசிறி வடிவக் கோடுகள் போனுக்கும் வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டிக்கும் நடுவே உள்ள தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. பெட்டிக்கு அந்தப் பக்கம் ஃபைபர் அறுந்து தெருவில் கிடந்தாலும் கோடுகள் முழுசாகவே நிற்கும். ஆகவே முதலில் பெட்டியைப் பாருங்கள். ‘பி.ஓ.என்.’ என்று எழுதிய விளக்கு பச்சையாக, அசையாமல் எரிந்தால் வெளியிலிருந்து ஒளி ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை. ஃபைபர் எங்கோ அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், முனையில் தூசு படிந்திருக்கலாம். ஒளி ஓடும் கண்ணாடி இழையின் உட்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். பீரோவை நகர்த்தும்போது ஒயர் இறுக்கமாக மடங்கினால் போதும், ஒளி அந்த வளைவிலேயே கசிந்துவிடும். அதனால் பெட்டிக்குப் பின்னால் ஒயர் வளையமாகத் தளர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் கேபிள்காரர் வேலை. அறுந்த முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

சிவப்பு விளக்கு இல்லையென்றால் அடுத்த சோதனை. பெட்டிக்கு அடியில் ஒட்டிய சீட்டில் 192.168.1.1 போன்ற ஒரு எண் இருக்கும். அதை பிரவுசரில் அடியுங்கள். அந்தப் பக்கம் திறக்க இணையம் தேவையில்லை, பெட்டியோடு தொடர்பு இருந்தால் போதும். அதுவே திணறித் திணறி வந்தால் பழுது உங்கள் போனுக்கும் பெட்டிக்கும் இடையில்தான். லேப்டாப் இருந்தால் லேன் ஒயரில் நேராகச் செருகி வேகம் பாருங்கள். ஒயரில் வருகிற வேகம் வைஃபையில் வரவில்லை என்றால் கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை.

நம்பிக்கை: “ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சரியாயிடும்.”

பாதி உண்மை. பெட்டியும் ஒரு சிறு கம்ப்யூட்டர்தான். வாரக்கணக்கில் ஓடி நினைவகம் சிக்கலாகி நின்றுபோனால், அணைத்துப் போட்டால் எழுந்துவிடும். தினமும் மூன்று தடவை அணைத்துப் போட வேண்டியிருந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. பழைய அடாப்டர் பாரம் ஏறும்போது வோல்ட்டேஜ் தளர்ந்து பெட்டியைத் தானே அணைத்துவிடும். மாற்றும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். பின் பொருந்துகிறது என்று வேறு சாதனத்தின் 9 வோல்ட் அடாப்டரை மாட்டாதீர்கள்.

பெட்டியின் பின்னால் ‘ரீசெட்’ என்று ஒரு சிறு துளை இருக்கும். ஊக்கை விட்டு அதைப் பத்து விநாடி அழுத்துவது ரீஸ்டார்ட் இல்லை. கேபிள்காரர் பதிந்துவைத்த பயனர் பெயர், கடவுச்சொல், லைன் அமைப்பு எல்லாம் அழிந்துவிடும். அதுவரை மெதுவாகவாவது வந்துகொண்டிருந்த நெட் அதோடு நிற்கும். அந்தத் துளையைத் தொடாதீர்கள்.

நம்பிக்கை: “ஒரு ஹப் வாங்கிப் போட்டா நெட்ட நாலா பிரிச்சுக் குடுத்துடும்.”

இந்த நம்பிக்கையில்தான் குழப்பம் அதிகம். இன்று கடையில் ஹப் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது நெட்வொர்க் ஸ்விட்ச். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி: ஐந்தோ எட்டோ துளைகள், மின்னும் விளக்குகள். உள்ளே நடக்கும் வேலை வேறு. பழைய ஹப் ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளைகளிலும் அப்படியே கொட்டிவிடும். ஒரு வீட்டுக்கு வந்த கடிதத்தை ஒலிபெருக்கி வைத்துத் தெரு முழுக்க வாசிப்பது போன்ற வேலை. ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் அனுப்பலாம். இரண்டு சேர்ந்து அனுப்பினால் மோதி, இரண்டுமே திரும்ப அனுப்ப வேண்டும். ஹப்பின் 10 அல்லது 100 எம்பிபிஎஸ் வேகம் அத்தனை பேருக்கும் பொது. ஸ்விட்ச் அப்படி இல்லை. எந்தத் துளையில் எந்தச் சாதனம் என்று கற்றுக்கொண்டு அங்கே மட்டும் அனுப்பும். ஒவ்வொரு துளைக்கும் இரு திசையிலும் முழு வேகம். மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய ஹப் சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

ஆனால் ஸ்விட்சும் இணையத்தைப் பங்கு போடுவதில்லை. கூடுதல் துளைகள் தரும், அவ்வளவுதான். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு முகவரி கொடுத்து, ஒரே இணைப்பில் எல்லோரையும் வெளியே அனுப்பி உள்ளே வாங்குவது ரவுட்டரின் வேலை. கேபிள்காரர் மாட்டிய பெட்டிக்குள்ளேயே அந்த ரவுட்டரும் பெரும்பாலும் இருக்கிறது. ஸ்விட்சை அதன் லேன் துளையில் செருகினால் போதும். சரிபாதி பங்கீடும் தானாக நடக்காது. அண்ணன் பெரிய கோப்பு இறக்கினால் தங்கையின் வகுப்பு திணறத்தான் செய்யும். அதைத் தடுக்க ரவுட்டரில் ஒவ்வொரு சாதனத்துக்கும் வேக வரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்விட்ச் வைத்த இடங்களில் ஒரு பழுது ஆளையே மிரள வைக்கும். ஒரு இ-சேவை மையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அடியில் எட்டுத் துளை ஸ்விட்ச், தூசு படிந்த நீல ஒயர்கள். காலையில் பெருக்கியவர் தரையில் கிடக்கும் ஒரு ஒயர் முனையைப் பார்த்து, கழன்றுவிட்டது போல என்று காலித் துளையில் செருகிவிடுகிறார். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்சில் இருக்கிறது. அவ்வளவுதான். எல்லோருக்குமாக ஒரு கம்ப்யூட்டர் அனுப்பும் சிறு தகவல் அந்த வளையத்துக்குள் புகுந்து ஓயாமல் சுற்றும். ஈத்தர்நெட் தகவலுக்கு இத்தனை சுற்றில் மடிய வேண்டும் என்ற கணக்கு கிடையாது. ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகி, எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் வெறிபிடித்தாற்போல் மின்னும். பிரிண்டர்கூட நின்றுவிடும். வாசலில் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் பெரும்பாலையிலிருந்தும் ஏரியூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் காத்திருப்பார்கள். தீர்வு எளிது. ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ, அதுதான். பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் இரு முனையிலும் ஒரே எண் எழுதிய சீட்டு ஒட்டிவிட்டால் இது திரும்ப நடக்காது.

இன்னொன்று. 200 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தும் ஒயரில் எப்போது பார்த்தாலும் வேகம் 93, 94-லேயே நிற்கிறதா? லைனைக் குறை சொல்லாதீர்கள். ஸ்விட்சில் ‘10/100’ என்று எழுதியிருந்தால் அதன் உச்சமே அதுதான். இல்லையென்றால் பெரும்பாலும் ஒயர். லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள். 100 எம்பிபிஎஸ் ஓட நான்கு போதும். 1000 ஓட எட்டும் வேண்டும். எலி கடித்தோ முனையைச் சரியாக அழுத்தாமலோ மீதி நான்கில் ஒரு கம்பி போனால், ஸ்விட்ச் எந்தப் புகாரும் காட்டாமல் 100-க்கு இறங்கி ஓடும். புது முனை போட ஆகும் செலவு மிகக் குறைவு.

நம்பிக்கை: “100 எம்பிபிஎஸ் பிளான்னா நொடிக்கு 100 எம்பி இறங்கணும்.”

எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி. அந்த அளவில் இறங்கினால் உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

நம்பிக்கை: “பெரிய பிளான் போட்டா மாடி வரைக்கும் வரும்.”

திட்டம் என்பது தெருவிலிருந்து பெட்டி வரைக்கும்தான். பெட்டியிலிருந்து மாடிக்குப் போவது உங்கள் சுவர்களைப் பொறுத்தது. தர்மபுரிப் பக்கம் கருங்கல் சுவர் வைத்த பழைய வீடுகள் உண்டு. புது வீடுகளில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். இரண்டுமே அலையை விழுங்குபவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, பெட்டி இருக்கும் அறையைத் தாண்டினாலே தளரும். அதோடு, காற்றில் வைஃபை இன்னும் பழைய ஹப்பின் குணத்தோடுதான் ஓடுகிறது: ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். தூரத்து அறையில் தேயும் சிக்னலில் ஒரு பழைய போன் வீடியோ பார்த்தால் அது காற்றை நீண்ட நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் வேகம் குறையும்.

பெட்டியை டிவிக்குப் பின்னாலோ பரணிலோ ஒளித்து வைக்காமல் வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். தெருவில் எல்லோரும் 2.4-ல் இருந்தால் சேனலை 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். ரிப்பீட்டர் வாங்க அவசரப்படாதீர்கள். ஒரே அலையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் விலை குறைந்த வகையில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாடிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டர் மாட்டுவதே நிலையான வழி. அப்படி மாட்டும்போது இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் லேன் துளையோடு லேன் துளையை இணைத்தால் இரண்டுமே முகவரி கொடுக்கத் தொடங்கும். கூடத்தில் வரும், படுக்கையறையில் வராது. சற்று நேரத்தில் தலைகீழாகும்.

நம்பிக்கை: “பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க படிக்குது. பாஸ்வேர்டு குடுத்தா என்ன கொறஞ்சிடும்?”

நல்ல மனசு. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் இணைப்பில் யார் எதைச் செய்தாலும் வெளியே பதிவாவது உங்கள் பெயரில் உள்ள முகவரி. 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. தேடிப்போன போலீஸ் நின்ற இடம் நவி மும்பையில் வசித்த ஒரு அமெரிக்கரின் வீடு. அவருடைய வைஃபைக்குச் சரியான பூட்டு இல்லை. வேறு யாரோ அதில் புகுந்து அனுப்பியிருந்தார்கள். அவர் விசாரணையில் சிக்கி அலைய வேண்டியதாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போதும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை இதே மாதிரி பயன்பட்டது.

பூட்டு இல்லாமல் விடாதீர்கள். ‘டபிள்யூபிஏ2’ அல்லது ‘டபிள்யூபிஏ3’ வையுங்கள். பழைய ‘டபிள்யூஇபி’ பூட்டைச் சில நிமிடங்களில் உடைக்கலாம். போன் நம்பரைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். விருந்தாளிகளுக்கு ‘கெஸ்ட் நெட்வொர்க்’ திறந்துவிட்டால் உங்கள் கம்ப்யூட்டர் பக்கம் அவர்கள் வர முடியாது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மொட்டைமாடி வழியாக லேன் ஒயர் இழுக்கவே வேண்டாம். அது செம்புக் கம்பி. கோடை மழை இடியோடு வரும் ஊர் இது. ஒரு மின்னல் பக்கத்தில் இறங்கினால் இரண்டு வீட்டுச் சாதனங்களும் போகும்.

தெருவோடு பகிரத்தான் வேண்டுமென்றால் முறையான வழி இருக்கிறது. 2020 டிசம்பர் 9-ல் மத்திய அமைச்சரவை பி.எம்.-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. டீக்கடையோ மளிகைக்கடையோ ‘பொதுத் தரவு அலுவலகம்’ ஆகி வைஃபை விற்கலாம். அதற்கு உரிமம் வேண்டாம், தொலைத்தொடர்புத் துறையிடம் பதிவு வேண்டாம், கட்டணமும் இல்லை. பயன்படுத்துபவர் யார் என்பது செயலி வழியே பதிவாகிவிடும். பழி கடைக்காரர் தலையில் விழாது. இணைய நிறுவனங்கள் இப்படிப்பட்ட கடைகளிடம் மிக அதிகக் கட்டணம் கேட்கின்றன என்ற குறையும் இருந்தது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கு வரம்பு வைத்தது: 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டுத் திட்டங்களை இந்தக் கடைகளுக்கும் தர வேண்டும், கட்டணம் வீட்டுக் கட்டணத்தைப் போல இரு மடங்கைத் தாண்டக் கூடாது.

பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடைக்காரர்களும் பாப்பாரப்பட்டி, ஏரியூர் பக்கத்துக் கேபிள்காரர்களும் பி.எம்.-வாணி பற்றி விசாரியுங்கள். மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை, சில ரூபாய்க்குத் தேவையான அளவு மட்டும் வாங்கிப் பாடம் படிக்க அது போதும்.