மாணவர் கொள்ளத்தகும் பாஸ் கித்தார்

1951-இல் ஃபெண்டர் நிறுவனத்தார் வெளியிட்ட பாஸ் கித்தார் நான்கு தந்தியுடையது. 34 அங்குலத் தந்திநீளமே இன்றும் பெருவழக்கு. சிறுகையர்க்கு 30 அங்குலம் எளிது.

முத்திரைப் பெயருக்காக மாணவர் கைப்பொருளை இழத்தல் வேண்டாவென்பது எம் துணிபு. பழையதாயினும் கழுத்து நேராயின் கொள்ளலாம். முதல் மெட்டிலும் கடை மெட்டிலும் தந்தியை ஒருங்கே அழுத்தி நோக்குக. இடையே தாளளவு வெளியே தகும். குற்றாலச் சாரற்காலத்தில் தென்காசிக் காற்று ஈரம் மிக்கது. ஈரமுண்ட மரம் வளையும். வளைவைத் திருத்துவது கழுத்தினுள் மறைந்த இரும்புக்கோலே. ஆதலின் அது திரும்புகின்றதாவெனக் கடைக்காரரையே திருகிக் காட்டச் சொல்லுவோம். துருவேறி இறுகியதாயின், எத்துணை மலிவெனினும் வாங்கற்க! தந்தியை மாற்றிக்கொள்ளலாம், கழுத்தை மாற்றப் புகுந்தால் மலிவென்ற பேச்சே இல்லை.

ஒலிபெருக்கிக்கும் ஒருபகுதிப் பணத்தை ஒதுக்குக. அஃதின்றேல் இக்கருவியின் ஓசை அடுத்த இருக்கைக்கும் எட்டாது.