கருவில் மூளை வளர்ச்சியை அறியும் ஊடுருவா முறைகள்: முக்கியக் குறிப்புகள்

• கருப்பைக்குள் ஊசி போகாத சோதனைகளே ஊடுருவா முறைகள். பனிக்குட நீரை ஊசியால் எடுக்கும் ஆம்னியோசென்டெசிஸ் இதில் சேராது. 'பொருந்தாததைத் தேர்க' வினாவில் பலர் இங்கேதான் மதிப்பெண் இழக்கிறார்கள்.

• மீயொலி ஸ்கேன்: மகப்பேறு மருத்துவத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் கிளாஸ்கோவின் அயன் டொனால்டு, கட்டுரை வந்தது 1958, 'லான்செட்' இதழ். எக்ஸ் கதிர் கிடையாது, எதிரொலியே படமாகிறது.

• 18–20 வார அனாமலி ஸ்கேனில் தலைக்குள் அளப்பவை:
– பக்க வென்ட்ரிக்கிள் அகலம்: 10 மி.மீ.க்குள் இயல்பு, 15ஐத் தாண்டினால் கடும் விரிவு.
– சிறுமூளைக் குறுக்களவு: இந்தப் பருவத்தில் மி.மீ. கணக்கும் வாரக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றே. 20 வாரம் என்றால் சுமார் 20 மி.மீ. மறக்கவே முடியாத அளவு இது.
– மண்டை எலுமிச்சை வடிவம், சிறுமூளை வாழைப்பழ வளைவு: அடையாளம் தலையில் தெரிந்தாலும் கோளாறு முதுகில். முதுகுத்தண்டு மூடாத ஸ்பைனா பைஃபிடா.

• தாயின் ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் கூடினாலும் நரம்புக்குழல் குறை ஐயம் எழும்.

• டாப்ளர்: நடுப்பெருமூளைத் தமனியில் ரத்தத்தின் உச்ச வேகம், அந்த வாரத்துக்குரிய இடைநிலை அளவைப்போல் 1.5 மடங்குக்கு மேல் போனால் சிசுவுக்கு ரத்தசோகை ஐயம். இதே தமனியில் இன்னொன்றும் தெரியும்: ஆக்சிஜன் குறையும்போது சிசு தன் ரத்தத்தை மூளைக்கே முதலில் அனுப்புகிறது. பிறக்காத உயிரின் இந்தத் தற்காப்பை எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

• எம்.ஆர்.ஐ.: காந்தப்புலமும் ரேடியோ அலையும். பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பின். சிசு அசையும் என்பதால் அதிவேகப் படங்கள்; படத்தைத் துலக்கும் காடோலினியம் ஊசி தவிர்க்கப்படும். பிரிட்டனின் 'மெரிடியன்' ஆய்வு (2017): மூளைக் குறையைச் சரியாகக் கணித்தது ஸ்கேன் 68%, எம்.ஆர்.ஐ.யும் சேர்ந்தபோது 93%.

• மூளை இயங்குவதை அறிய: காந்த மூளைப்பதிவு. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் 'சாரா' கருவியில் நுண்ணிய காந்தப்புலத்தை அறியும் 151 ஸ்குவிட் உணரிகள். ஆய்வுக்கூட அளவில் மட்டும்.

• 'தரணி': ஐ.ஐ.டி. மெட்ராஸ், சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், டிசம்பர் 2024 வெளியீடு. சிசு மூளையின் 5,132 வெட்டுப்படங்கள். உயிருள்ள சிசுவைச் சோதிக்கும் முறை என்று குழம்ப வேண்டாம். இது ஒப்பிட்டுப் பார்க்கும் மூளை வரைபடம்.

• சட்டம்: 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேனில் பாலினம் சொல்வது குற்றம். முதல்முறை 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். குழந்தையைக் காக்க வந்த கருவி பெண் சிசுவைக் கொல்லத் துணைபோன கொடுமையே இச்சட்டத்தின் பின்னணி.

• 2021 கருக்கலைப்புத் திருத்தச் சட்டம்: 24 வாரம் கடந்தபின் கடுமையான குறை தெரிந்தால், முடிவு மருத்துவ வாரியத்தின் கையில்.