பழைய ஜீப்பில் ஆவிக் கசிவும் ஐடிலிங் கோளாறும்

1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ரேங்லர் டிஜே வண்டிகளில் இரண்டு புகார்கள் அடிக்கடி வரும். ‘செக் எஞ்சின்’ விளக்கு அணையாது. ஐடிலிங் தானாக ஏறி இறங்கும். இதன் 4.0 லிட்டர் எஞ்சினில் காற்றை நேராக அளக்கும் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தே கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கணக்கிடும். வெடித்த ஹோஸ் வழியே காற்று புகுந்தால் அதற்கேற்ப பெட்ரோலும் கூடி, ரேஸ் ஏறும். டாங்கின் பெட்ரோல் ஆவியும் கரி நிரப்பிய கேனிஸ்டரில் தங்கி, பர்ஜ் வால்வு வழியே இதே மேனிஃபோல்டுக்குத்தான் வருகிறது. அதனால் இரண்டு புகாரையும் சேர்த்தே பாருங்கள்.

செய்ய வேண்டியவை

• கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீட்டை அழிக்கும் முன் எழுதி வையுங்கள். பி0455 என்றால் பெரிய கசிவு. பி0442 சுமார் 1 மி.மீ. துளைக்கும், பி0456 அதில் பாதி அளவுக்கும் சமம்.

• முதலில் பெட்ரோல் டாங்க் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். விரிசல் இருந்தால் மூடியை மாற்றுங்கள். விளக்கு அணையச் சில நாள் ஓட வேண்டும்.

• எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பர்ஜ் வால்வில் கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றி, வால்வின் அந்த வாயில் விரலை வையுங்கள். இழுவை இருக்கக்கூடாது. இருந்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. பெட்ரோல் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதற்கும் இது காரணமாகலாம்.

• வால்வு கவரிலிருந்து போகும் சிசிவி (கிராங்க்கேஸ் காற்றோட்ட) குழாய்களின் ரப்பர் முனைகளை வளைத்துப் பாருங்கள். எண்ணெயும் சூடும் பட்டு ஊறித் தொளதொளத்திருக்கும், அல்லது காய்ந்து வெடித்திருக்கும்.

• காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ சத்தம் வந்து, சூடேறியதும் குறைகிறதா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் தேடுங்கள். இந்த எஞ்சினில் அது பழகிய நோய். அங்கே உறிஞ்சப்படும் வெளிக்காற்று ஆக்ஸிஜன் சென்சாரை ஏமாற்றிவிடும்.

• கண்ணுக்குப் படாத கசிவுக்குப் புகைச் சோதனை செய்யுங்கள். அதற்கு முன் அடிப்பக்கச் சேற்றைக் கழுவுங்கள். கல்லும் முள்ளும் கிழித்த ஹோஸ் அப்போதுதான் தெரியும்.

செய்யக்கூடாதவை

• கசிவு தேட கார்புரேட்டர் கிளீனரை அடிக்காதீர்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம், ஒரே கேஸ்கெட்டில் இருக்கின்றன, சூட்டில் தீப்பிடிக்கும். இன்டேக் இணைப்புகளில் தண்ணீரை லேசாகத் தெளித்தாலே ரேஸ் மாறுவது தெரியும்.

• ஆவிக் குழாய்களில் கம்ப்ரஸர் காற்றை ஏற்றாதீர்கள். அந்த அமைப்பு 1 பிஎஸ்ஐ அழுத்தம்கூடத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

• ஐடிலிங்கைச் சரிக்கட்ட த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். ஐடில் மோட்டாரைச் சுத்தம் செய்யும்போது அதன் ஊசியைக் கையால் அமுக்கவோ இழுக்கவோ கூடாது.

• பெட்ரோல் பங்கில் நாசில் தானாக நின்ற பிறகு மேலும் நிரப்பாதீர்கள். கேனிஸ்டரின் கரி நனைந்து கெடும்.

• மாசுச் சோதனைக்குப் போகும் காலையில் பேட்டரியைக் கழற்றி விளக்கை அணைக்காதீர்கள். கம்ப்யூட்டரின் சுயசோதனைப் பதிவுகளும் அழிந்துவிடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

• குளிரில் ரேஸ் கூடுவதையும், ஏசி போட்டால் லேசாக மாறுவதையும் கோளாறாக எண்ணிப் பாகங்களை மாற்றாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.