குறுஞ்செய்தி ஒன்று, நடை சில நூறு அடி
முதியோரின் நடைப்பயிற்சிக்குக் கைப்பேசி துணைபுரியும் விதம்

“நாள்தோறும் நடங்கள்” என்று மருத்துவர் கூறும்போது மறுப்பவர் இல்லை. வீடு திரும்பிய முதல் வாரத்தில் நடையும் தவறாது நிகழும். பின்னர் ஒரு நாள் மழை, மறுநாள் மூட்டுவலி, அதற்கடுத்த நாள் விருந்தினர் வருகை எனப் பயிற்சி மெல்ல நின்றுவிடும்.

முதுமையில் இந்த இடைவெளி எளிதானதன்று. பயன்படுத்தாத தசை விரைவில் வலுவிழக்கிறது. கால் வலுவிழந்தால் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பிறக்கிறது. அச்சத்தால் நடை மேலும் குறைகிறது. தாமே எழுந்து கழிப்பறைக்குச் செல்லும் ஆற்றல்கூட இதனால் பறிபோகலாம்.

எவ்வளவு நடக்க வேண்டும்?

65 வயதைக் கடந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பை மேற்கொள்ளலாம் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது; அதுவே மிதமான வேகம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் இலக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அதை எட்ட முடியாதவர் மனம் தளர வேண்டியதில்லை. சராசரியாக 72 வயதுடைய அமெரிக்கப் பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு குறைவாகக் காணப்பட்டது.

குறுஞ்செய்தி பயன் தருமா?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இதயத் தமனி நோயுடைய 710 பேரிடம் ஆய்வு நடைபெற்றது. அவர்களுள் ஒரு பிரிவினருக்கு ஆறு மாதம், வாரத்திற்கு நான்கு குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. செய்தி பெற்றோரின் உடலுழைப்பு கூடியது. இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் மற்றவரைவிடக் குறைந்திருந்தன. மலேசியாவில் முதியோரிடம் நடந்த 12 வார ஆய்விலும் உடற்பயிற்சி செய்யும் நாள்கள் அதிகரித்தன. ஆயினும் செய்திகள் நின்றபின் அப்பயன் நீடிக்கவில்லை. ஆகவே, செய்தி வரும் காலத்திலேயே நடையை மாலைத் தேநீர், கோயில் வழிபாடு போன்ற அன்றாட வழக்கம் ஒன்றுடன் இணைத்துவிடுதல் நன்று.

குடும்பத்தார் செய்தி அனுப்பும் முறை

• நடக்கும் வேளைக்குச் சற்று முன்னர் அனுப்புங்கள்.
• இடத்தையும் தொலைவையும் குறிப்பிடுங்கள். “அம்மா, வெயில் தாழ்ந்துவிட்டது. தெருமுனை வரை போய்வந்து எனக்குச் சொல்லுங்கள்” என்பது போதும்.
• “இன்றும் நடக்கவில்லையா?” என்று கடிந்து எழுதாதீர்கள். நடக்காத நாளின் காரணத்தைக் கேட்டறியுங்கள். அது வலியாகவோ அச்சமாகவோ இருக்கலாம்.
• பதில் வந்தால் தவறாது பாராட்டுங்கள். பல முதியோருக்கு அந்த ஒரு வரியே நடக்கத் தூண்டும் ஊக்கமாகும்.
• கண்பார்வை குன்றியோருக்கும் எழுத்தறியாதோருக்கும் குரல் செய்தி அனுப்புங்கள்.

நடப்பவர் கவனத்திற்கு

நடந்துகொண்டே கைப்பேசியைப் பார்க்காதீர்கள், நின்று படியுங்கள். பிடிமானமுள்ள காலணி அணியுங்கள். நீரிழிவு உடையோர் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்போர் சிறிது சர்க்கரையை உடன் வைத்திருக்க வேண்டும். அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோரும் இதயநோய் உடையோரும் தொலைவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்க. நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், தலைசுற்றல் தோன்றின் உடனே நின்று அமருங்கள். குறையாவிடில் 108ஐ அழையுங்கள்.

முதல் வாரத்தில் பத்து நிமிடம் நடந்தாலும் போதும். அடுத்த வாரம் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, நடந்த நாள்களைக் குறித்த தாளையும் கொண்டுவாருங்கள். உங்களுக்கேற்ற அளவை மருத்துவர் வகுத்துத் தர அது உதவும்.