பனி விழும் முன் ஒரு சுற்று!

ரொறன்ரோவில் இலையுதிர்காலக் கடைசியில் குடும்பத்தோடு வெளியே கிளம்புகிறீர்களா?

• நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போனதும், மாலை 5 மணிக்கே இருட்டத் தொடங்கும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு புறப்படுங்கள்.

• வியர்வையில் நனைந்த பருத்தி உடை எளிதில் காயாது, குளிரெடுக்கும். உள்ளே சீக்கிரம் உலரும் துணி, நடுவே கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் போடுங்கள்.

• தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையை கார் சீட்டில் உட்காரவைத்தால் பெல்ட் சரியாக இறுகாது. கழற்றிவிட்டு பெல்ட் மாட்டி, மேலே போர்த்துங்கள்.

• 4 டிகிரிக்கு மேல் இருந்தால் உண்ணிகள் நடமாடும். வீடு திரும்பியதும் அக்குள், முழங்கால் மடிப்பு, காதோரம் பாருங்கள்.

• ஃபிளாஸ்க்கில் முதலில் வெந்நீர் ஊற்றி, 5 நிமிடம் கழித்துக் கொட்டிவிட்டு இஞ்சி டீ நிரப்புங்கள்; சூடு நெடுநேரம் நிற்கும்.